பழைய டிஸ்க், புதிய மதர்போர்டு: பூட் ஆகாதபோது அறிகுறியைக் கொண்டு சரிசெய்யும் முறை

விண்டோஸும் மென்பொருள்களும் உள்ள டிஸ்க்கைக் கழற்றி வேறு மதர்போர்டில் பொருத்துவதும், அதை அப்படியே நகலெடுத்துப் புதிய எஸ்எஸ்டியில் ஏற்றுவதும் இன்று பெரும்பாலும் சிக்கலின்றி முடிகின்றன. முடியாமல் போய் என் மேசைக்கு வரும் கணினிகளில் டிஸ்க்கே கெட்டுப்போயிருப்பது அரிது. பூட் பதிவு, டிபிஎம் எனும் பாதுகாப்புச் சிப்பில் உள்ள குறியாக்க விசை, டிஸ்க் கட்டுப்பாட்டுக்கான பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) அமைப்பு, விண்டோஸ் உரிமத்தின் பிணைப்பு ஆகிய நான்கும் பழைய மதர்போர்டிலேயே தங்கிவிடுகின்றன. டிஸ்க் மட்டும் இடம் மாறுகிறது. கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஏதேனும் ஒன்றில்தான் போய் முடியும்.

எந்த அறிகுறியானாலும், மீட்புத் திரையில் தோன்றும் ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதைத் தொட வேண்டாம். கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தாலும் அது நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். மென்பொருள்களை இழக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் கொண்ட மேக் கணினிகளுக்கும், 2020 இறுதியில் தொடங்கிய ஆப்பிள் சிலிக்கான் மேக் கணினிகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தாது. அவற்றின் உட்சேமிப்பு அந்தச் சிப்போடு குறியாக்கத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஆப்பிளின் தரவு மாற்றும் கருவியான மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாகத்தான் மாற வேண்டும்.

## பழைய கணினி இன்னும் இயங்குகிறதென்றால்

டிஸ்க்கை ஏற்கெனவே கழற்றியிருந்தாலும், பழைய கணினி உயிரோடு இருந்தால் அதில் திரும்ப மாட்டிப் பின்வருவனவற்றைச் செய்துவிட்டு வருவது நல்லது. பாதி அறிகுறிகள் தலைகாட்டாமலே போகும். விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கரோ, அதன் எளிய வடிவமான சாதனக் குறியாக்கமோ இயங்கினால் அதை அணைத்து, குறியாக்கம் முழுவதும் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லுடன் ஓர் உள்ளூர் நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, ஒருமுறை அதில் நுழைந்து பார்த்துவிட வேண்டும். புதிய மதர்போர்டுக்கான நெட்வொர்க் டிரைவரையும், இன்டெல் கணினியானால் அதன் சேமிப்பு டிரைவரையும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மதர்போர்டுக்காக நிறுவிய, விசிறி வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றும் பயன்பாடுகளை நீக்க வேண்டும். கடைசியாக, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுக்க வேண்டும். வெறுமனே ஷட் டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய வன்பொருளின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில்தான் நிற்கும்.

விண்டோஸை வேறு வன்பொருளுக்குத் தயார்செய்யும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டும் முதல் பூட்டிலேயே புதிய வன்பொருளைக் கண்டறிந்து டிரைவர்களை அமைத்துக்கொள்வதாலும், சிஸ்பிரெப் ஸ்டோர் செயலிகளில் சிக்கி நடுவழியில் நின்றுவிடுவதை அடிக்கடி பார்ப்பதாலும், ஒற்றைக் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

## அறிகுறி 1: பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை

கேபிளில் இணையும் சாட்டா டிஸ்க் என்றால், தரவுக் கேபிளையும் மின் கேபிளையும் கழற்றி மாட்டி, பிறகு வேறொரு சாட்டா துளையில் மாற்றிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 துளை (அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கானது) ஒன்றில் எஸ்எஸ்டி ஏறியதும் குறிப்பிட்ட சில சாட்டா துளைகள் தாமாகவே அணைந்துவிடும். எந்தத் துளைகள் என்பது மதர்போர்டின் கையேட்டில் ஓர் அட்டவணையாக இருக்கும்.

எம்.2 வகையானால், முதலில் அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்து அதன் முனையைப் பாருங்கள். பொன்னிறத் தொடுமுனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா எஸ்எஸ்டி; ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் வேகமான என்விஎம்இ வகை. என்விஎம்இக்கு மட்டுமான துளையில் சாட்டா அட்டை ஒழுங்காக நுழையும், திருகும் முடுக்கலாம், ஆனால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. ‘எஸ்எஸ்டி செத்துவிட்டது’ என்று என்னிடம் தரப்பட்ட அட்டைகளில் சில, துளை மாறியதும் உடனே உயிர்த்தெழுந்தவைதான். அந்த மதர்போர்டில் சாட்டாவை ஏற்கும் எம்.2 துளையே இல்லையென்றால், எம்.2 சாட்டா அட்டையைச் சாதாரண சாட்டா கேபிளில் இணைக்கும் சிறிய உறை போதும்.

துளையும் வகையும் சரியாக இருந்தும் தெரியாவிட்டால், டிஸ்க்கை யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு இன்னொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். அங்கே தெரிந்தால், கோளாறு மதர்போர்டின் துளையிலோ அமைப்பிலோ இருக்கிறது. அங்கும் தெரியவில்லை, அல்லது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று ஒலி வருகிறது என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது மீட்கக்கூடியதையும் குறைத்துக்கொண்டே போகும்.

## அறிகுறி 2: பயாஸில் டிஸ்க் தெரிகிறது, ஆனால் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்கிறது

அதிகமாக வரும் அறிகுறி இதுவே. மலிவான சோதனை, பூட் மெனுவைத் திறந்து டிஸ்க்கைக் கையால் தேர்ந்தெடுப்பது. விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் இருப்பது. புதிய மதர்போர்டில் அது இருக்காது என்பதால், டிஸ்க்கின் பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதில் பூட் ஆகிவிட்டால், பூட் வரிசையில் அதை முதலிடத்துக்கு நகர்த்துவதோடு வேலை முடிந்தது.

ஆகாவிட்டால், டிஸ்க் எந்த முறையில் பிரிக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ஷிஃப்ட் விசையுடன் எஃப்10 விசையை அழுத்தினால் கட்டளைத்திரை திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்ற பகிர்வுக் கருவியை இயக்கி டிஸ்க்குகளைப் பட்டியலிட்டால், ஜிபிடி (புதிய பகிர்வு முறை) டிஸ்க்குக்கு நேரே ஜிபிடி என்ற பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்; எம்பிஆர் (பழைய பகிர்வு முறை) டிஸ்க்குக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

### கிளை அ: நட்சத்திரக் குறி இருக்கிறது

பயாஸில் பூட் முறை யூஇஎஃப்ஐ (புதியது) என்று இருக்கிறதா, லெகசி (பழையது) என்று இருக்கிறதா எனப் பாருங்கள், யூஇஎஃப்ஐயே வேண்டும். அது சரியாக இருந்தால், அடுத்து பூட் கோப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் வால்யூம்’ கொண்டு பகிர்வுகளைப் பட்டியலிட்டு, ஃபேட்32 வடிவில் பெரும்பாலும் 100 எம்பி முதல் சில நூறு எம்பி வரை இருக்கும் சிறிய இஎஃப்ஐ பகிர்வைத் தேர்ந்து, அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். அதே பட்டியலில் விண்டோஸ் இருக்கும் பகிர்வின் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவிலிருந்து பூட் ஆன இந்த மீட்புச் சூழலில் அது சி ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம், இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிறகு டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியேறி, பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் இடம், இஎஃப்ஐ பகிர்வின் எழுத்து, யூஇஎஃப்ஐ என்ற வகை ஆகிய மூன்றையும் கொடுத்து இயக்க வேண்டும். பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை என்று வந்தால், பெரும்பாலும் எழுத்து மாறியிருக்கும்; மிச்சச் சமயங்களில் இஎஃப்ஐ பகிர்வு பழுதாகியிருக்கும். அதை மட்டும் ஃபேட்32 ஆக வடிவமைத்துவிட்டு அதே கட்டளையை இயக்கலாம், ஆனால் தேர்ந்திருப்பது அந்தச் சிறிய பகிர்வுதானா என்று இருமுறை பார்த்த பிறகு.

### கிளை ஆ: நட்சத்திரக் குறி இல்லை

டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது. அதற்கு லெகசி பூட் வேண்டும். பயாஸில் லெகசி பூட்டை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள், பூட் ஆகிவிடும். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அந்த அமைப்பே இல்லை, அல்லது தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால்தான் அது திறக்கும். அப்போது எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கைகொடுக்கும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் உடன்வரும் இக்கருவி, தரவை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றும். முதலில் சரிபார்க்கும் தேர்வோடு மட்டும் ஓட்டுங்கள். முதன்மைப் பகிர்வுகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, நீட்டிக்கப்பட்ட பகிர்வு இருந்தாலோ சரிபார்ப்பு தோற்கும். தேவையற்ற பகிர்வொன்றின் தரவை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு அதை நீக்க வேண்டியிருக்கும். மாற்றும் முன் முழு டிஸ்க்கின் நகல் ஒன்று கையில் இருப்பதை நான் வற்புறுத்துவேன்.

32 பிட் விண்டோஸாக இருந்து, மதர்போர்டில் சிஎஸ்எம்மும் இல்லையென்றால், இங்கே வழி அடைபடுகிறது. 64 பிட்டுக்கு மேம்படுத்தும் வழி எதுவும் இல்லாததால், புதிதாக நிறுவுவது ஒன்றே மிச்சம்.

## அறிகுறி 3: நீலத்திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’

விண்டோஸ் தொடங்கிவிட்டது, ஆனால் தான் இருக்கும் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியவில்லை. பழைய கணினியில் டிஸ்க் கட்டுப்பாடு ஒரு முறையிலும் புதியதில் வேறொரு முறையிலும் இருப்பதே இதற்கு வழக்கமான காரணம்.

பயாஸில் சேமிப்பு அமைப்பைத் திறந்து, ஏஹெச்சிஐ, ரெய்டு, விஎம்டி ஆகிய டிஸ்க் கட்டுப்பாட்டு முறைகளில் எது தேர்வாகியிருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை பிராசசர் முதல் பல மடிக்கணினிகள் விஎம்டி இயங்கிய நிலையிலேயே வருகின்றன; விஎம்டியை அணைத்தவுடன் நீலத்திரை போய்விடுவது சாதாரணம். ஆனால், அதே கணினியில் ஏற்கெனவே வேறு டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால், அணைத்தபின் அது பூட் ஆகாது என்பதையும், உண்மையிலேயே ரெய்டில் கோத்த டிஸ்க்குகள் இருந்தால் இந்த அமைப்பில் கை வைக்கவே கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாற்றியும் போகவில்லையென்றால், குறைந்த டிரைவர்களோடு தொடங்கும் சேஃப் மோடை முயன்று பாருங்கள். மீட்புச் சூழலின் கட்டளைத்திரையில், பூட் அமைப்பைத் திருத்தும் பிசிடிஎடிட் மூலம் இயல்பான பூட் பதிவுக்கு சேஃப் மோடைக் கட்டாயமாக்கிவிட்டு மறுபடி தொடங்கினால், அணைந்து கிடக்கும் சேமிப்பு டிரைவரை விண்டோஸ் பெரும்பாலும் எழுப்பிவிடும். உள்ளே வந்ததும் அதே பிசிடிஎடிட் கொண்டு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டுச் சாதாரணமாகத் தொடங்கலாம். நீக்க மறந்துவிட்டு, ‘எப்போதும் சேஃப் மோடிலேயே வருகிறது’ என்று புதிய புகாரோடு வருபவர்களும் உண்டு.

இதுவும் பலிக்காவிட்டால், டிரைவரைக் கையால் ஊட்ட வேண்டும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து சேமிப்பு டிரைவரை இறக்கி, அதனுள் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு வெளியே தெரியும்படி பிரித்து, பென் டிரைவில் போடுங்கள். மீட்புச் சூழலில் டிஸ்க்கே கண்ணில் படவில்லையென்றால், முதலில் டிரைவ்லோட் கட்டளையால் அந்த ஐஎன்எஃப் கோப்பை ஏற்றினால் டிஸ்க் தெரியத் தொடங்கும். பிறகு டிஸ்ம் கட்டளையின் டிரைவர் சேர்க்கும் தேர்வைக் கொண்டு, பூட் ஆகாமல் கிடக்கும் விண்டோஸுக்குள் அதே டிரைவரைச் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் எழுத்துப் பிழைக்கு இடங்கொடுக்காத வேலை.

இதற்குப் பிறகும் அதே திரை நிற்குமானால், விண்டோஸ் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) கோப்பாக ஏற்றித் திருத்துவதே அடுத்த கட்டம். தரவின் நகல் கையில் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பு.

## அறிகுறி 4: 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கிறது

டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் தானாகத் திறந்துவந்த டிபிஎம் பழைய மதர்போர்டில் இருக்கிறது. குறியாக்கத்தை நான் இயக்கவே இல்லையே என்று பலர் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் சாதனக் குறியாக்கம் தானாக இயங்கிவிடும் கணினிகள் ஏராளம் என்பதால், அது பொய்யில்லை.

திரையில் தெரியும் விசை அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் உள்ள மீட்பு விசைகளில் அதே அடையாளம் உள்ளதைத் தேடுங்கள். பல கணினிகளின் விசைகள் அங்கே கலந்து கிடக்கும். அடையாளம் பொருந்தாத விசையை எத்தனை முறை தட்டினாலும் திறக்காது. அலுவலகக் கணினியானால், விசை அலுவலகத்தின் கணினி நிர்வாகியிடம் இருக்கும்.

விசை எங்குமே கிடைக்கவில்லை என்றால், டிஸ்க்கைப் பழைய கணினியில் திரும்ப மாட்டுங்கள். அங்கே டிபிஎம் அதை வழக்கம்போல் திறந்துவிடும்; உள்ளே சென்று குறியாக்கத்தை அணைத்துவிட்டு மறுபடி கொண்டுவரலாம். ஆகையால், இந்த அறிகுறி தீரும்வரை பழைய மதர்போர்டை விற்கவும் கூடாது, அதன் பயாஸை மேம்படுத்தவும் கூடாது, டிபிஎம்மை அழிக்கவும் கூடாது. பிராசசருக்குள்ளேயே டிபிஎம் இருக்கும் ஏஎம்டி கணினியில் பிராசசரை மட்டும் மாற்றியவர்களுக்கு, டிபிஎம்மைப் புதிதாக்கட்டுமா என்று தொடக்கத்திலேயே ஒரு கறுப்புத் திரை கேட்கும். விசை கையில் இல்லாத நிலையில் அதற்கு ‘ஆம்’ கொடுத்தால், பழைய பிராசசரை மாட்டித் திரும்பிப் போகும் வழியையும் அடைத்துக்கொண்டவர் ஆவீர்கள்.

விசையும் இல்லை, பழைய மதர்போர்டும் இல்லை என்றால் எந்த நிபுணராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

விசை கொடுத்து உள்ளே வந்தபின் ஒவ்வொரு பூட்டிலும் அதையே கேட்டால், பிட்லாக்கரை முழுவதும் அணைத்து, முடிந்தபின் மீண்டும் இயக்குங்கள். புதிய டிபிஎம்முடன் பிணைந்துகொள்ளும்.

## அறிகுறி 5: லோகோ வரை வந்து திரை கறுத்துவிடுகிறது

கேபிள் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் அட்டை இருக்கும்போது மானிட்டர் மதர்போர்டின் துளையில் இருந்தால் கறுப்புத் திரை வரலாம்; எஃப் என்ற எழுத்தோடு முடியும் இன்டெல் பிராசசர்களில் உட்பொதிந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் அந்தத் துளையில் எதுவுமே வராது. முதல் பூட்டில் டிரைவர்கள் அமையும்போது திரை சில நிமிடங்கள் கறுத்து மீள்வதும் இயல்பு. கால்மணி நேரமாவது பொறுத்துப் பார்க்கலாம்.

அதன்பிறகும் மீளாவிட்டால், லோகோ தோன்றும்போது மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். அதன் வழியாக சேஃப் மோடுக்குள் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கொண்டு பழைய கிராஃபிக்ஸ் டிரைவரைத் துடைத்துவிட்டு, புதிய அட்டைக்குரியதை நிறுவுங்கள். சேஃப் மோடிலும் கறுப்பு என்றால், அது டிஸ்க் மாற்றத்தால் வந்த கோளாறில்லை. அட்டையையோ மானிட்டரையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 6: உள்ளே வந்தாயிற்று, ஆனால் பின் எண்ணும் இணையமும் வேலை செய்யவில்லை

பின் எண்ணும் கைரேகையும் பழைய டிபிஎம்மோடு போய்விட்டன. கடவுச்சொல்லைக் கொண்டுதான் நுழைய வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத மைக்ரோசாஃப்ட் கணக்கானால், நுழைய இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை நிறுவ உள்ளே நுழைய வேண்டும் என்று வட்டமடிக்கும். மேலே உள்ளூர் கணக்கு ஒன்றை உருவாக்கச் சொன்னது இதற்காகவே. அது இல்லாதவர்கள், ஆண்ட்ராய்டு தொலைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால், உள்நுழைவுத் திரையிலேயே இணையம் கிடைத்துவிடும்.

நெட்வொர்க் டிரைவர் சரியாக அமைந்தும் நிலையான ஐபி முகவரியைக் கொடுக்கும்போது எச்சரிக்கை வந்தால், அந்த முகவரியைப் பழைய மதர்போர்டின் நெட்வொர்க் அட்டை இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, மங்கலாகத் தெரியும் பழைய அட்டையை நீக்குங்கள்.

## அறிகுறி 7: விண்டோஸ் இயக்கப்படவில்லை என்று மூலையில் எழுத்து

தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் கணினி மாறினாலும் கூடவே வரும். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய மதர்போர்டோடு முடிந்துவிடும். எது உங்களுடையது என்பதை எஸ்எல்எம்ஜிஆர் கட்டளை சொல்லும். ரீடெய்ல் என்றால், ஆக்டிவேஷன் அமைப்பில் உள்ள டிரபிள்ஷூட்டரைத் திறந்து, வன்பொருளை அண்மையில் மாற்றினேன் என்ற தேர்வைக் கொடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பழைய சாதனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓஇஎம் என்றால் புதிய உரிமம் வாங்க வேண்டியதுதான். அதற்காக எதையும் மறுபடி நிறுவத் தேவையில்லை, விசையை மாற்றினால் போதும்.

## அறிகுறி 8: நகலெடுத்தது வேலை செய்தது, பழைய டிஸ்க்கை எடுத்ததும் நின்றுவிட்டது

இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, இரண்டு டிஸ்க்கும் இணைந்தபடியே பூட் செய்து, எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிச் சில நாள் ஓட்டினேன். பழையதை வேறு வேலைக்குக் கழற்றியதும் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ வந்தது. விண்டோஸ் புதிய டிஸ்க்கிலிருந்து ஓடியிருந்தாலும், பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பகிர்விலிருந்தே படிக்கப்பட்டு வந்திருக்கின்றன. பழையதை அழிப்பதற்கு முன்பே கழற்றியதால் தப்பித்தேன்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ‘சிஸ்டம்’ என்ற குறிப்பும் ‘பூட்’ என்ற குறிப்பும் ஒரே டிஸ்க்கின் பகிர்வுகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெவ்வேறு டிஸ்க்குகளில் இருந்தால், பழையதைக் கழற்றிவிட்டு, அறிகுறி 2இன் கிளை அவில் சொன்னபடி புதிய டிஸ்க்கில் பூட் கோப்புகளை எழுதுங்கள். நகலெடுத்தபின் முதல் பூட்டைப் பழைய டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் செய்தால் இந்தக் குழப்பமே இல்லை.

பெரிய டிஸ்க்குக்கு நகலெடுத்தும் சி பகிர்வை விரிக்க முடியவில்லையென்றால், நடுவில் மீட்புப் பகிர்வு உட்கார்ந்திருக்கிறது. நகலெடுக்கும் கருவியிலேயே அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு நகலெடுப்பது எளிது. நகலெடுக்கும்போது படிக்க முடியாத இடங்கள் என்று பிழை வந்தால், சாதாரணக் கருவியை மறுபடி மறுபடி ஓட்டாமல், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பும் டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்த வேண்டும். அதில் பிழைகள் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு நிபுணரைப் பார்க்கவும்.

## அறிகுறி 9: லினக்ஸ், ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற வரியில் நின்றுவிடுகிறது

இனிட்ராம்எஃப்எஸ் என்பது லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ஏறும் சிறிய கோப்புத் தொகுப்பு. யூயூஐடி (பகிர்வின் அடையாள எண்) இல்லை என்று மேலே ஒரு செய்தி இருந்தால், அந்த எண்ணை பிஎல்கேஐடி கட்டளை காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்தப் பகிர்வே பட்டியலில் இல்லையென்றால், இனிட்ராம்எஃப்எஸ்சில் புதிய கட்டுப்பாட்டுக்கான டிரைவர் இல்லை. ஃபெடோராவில் பூட் மெனுவின் ‘ரெஸ்க்யூ’ பதிவில் எல்லா டிரைவர்களும் இருப்பதால், அதன் வழியாக நுழைந்து, இனிட்ராம்எஃப்எஸ்சை உருவாக்கும் டிராகட்டை ஓட்டினால் போதும். டெபியன், உபுண்டுவில் லைவ் பென் டிரைவிலிருந்து சிஹெச்ரூட் செய்து (டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து) இனிட்ராம்எஃப்எஸ்சைப் புதுப்பிக்க வேண்டும். பகிர்வு தெரிந்து எண் மட்டும் மாறியிருந்தால், பகிர்வுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தி, பூட் மெனுவைக் காட்டும் கிரப்பின் அமைப்பையும் புதுப்பிக்க வேண்டும்.

பூட் ஆனபின் நெட்வொர்க் இல்லையென்றால், அட்டையின் பெயர் மாறியிருக்கும். அமைப்புக் கோப்பில் பழைய பெயரை மாற்றுங்கள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா டிரைவர் மட்டும் ஏற மறுத்தால், அதன் கையொப்பத்துக்காக முன்பு பதிவுசெய்த மோக் விசை பழைய மதர்போர்டிலேயே இருக்கிறது. மோக்யூட்டில் கருவியைக் கொண்டு அதே விசையைப் புதியதில் பதிவுசெய்து, அடுத்த பூட்டில் தோன்றும் நீலநிற மெனுவில் உறுதிசெய்ய வேண்டும்.